வெட்டி எடுத்த ஏழு நொடி

ஏற்காடு
25.11.2024

பூஜா,

கடிதத்தை எப்படித் தொடங்க வேண்டும் என்று எனக்குத் தெரியாது. உன் பெயரை மட்டும் எழுதித் தொடங்கிவிட்டேன். தப்பாக இருந்தால் சொல்.

உங்கள் மலையை விட்டு இறங்கி ஒரு வாரம் ஆகிறது. வண்டிக்குள் எங்கே கை வைத்தாலும் சாமைத் தூசிதான். படுக்கையில், டீத்தூள் டப்பாவில், அப்பாவின் சட்டைப்பையில் கூட. அம்மா மூன்று முறை பெருக்கிவிட்டாள். நான்காவது முறை நான் தடுத்துவிட்டேன், கொஞ்சம் இருக்கட்டும் என்று.

நீ விடுதிக்குத் திரும்பியதும் எங்களைப் பற்றி உன் தோழி தேவியிடம் சொல்லியிருப்பாய். வண்டியிலேயே வீடு, ஊர் ஊராகப் போகிறார்கள், அந்தப் பெண் பள்ளிக்கூடமே போவதில்லை என்று. போகிற ஊரில் எல்லாம் எங்களைப் பற்றி இதைத்தான் பேசிக்கொள்கிறார்கள். உண்மைதானே. மூன்று வருடமாக வண்டியில்தான் இருக்கிறோம், அதற்கு முன்பும் நான் பள்ளிக்கூடம் போனதில்லை. அப்பா குணசீலன் கம்ப்யூட்டரில் வேலை செய்கிறார், அம்மா தேவயானி சேனல் நடத்துகிறாள், எடுத்த வீடியோவை வெட்டி ஒட்டுவது நான். எனக்கு எது தெரிய ஆசையோ அதை நானே தேடிப் படித்துக்கொள்ளலாம். ஆசை இல்லாததை யாரும் படிக்கச் சொல்ல மாட்டார்கள். தமிழ் வாசிக்கக் கற்றதே பஸ் போர்டுகளைப் பார்த்துத்தான். முதலில் வாசித்தது ‘அமிர்தி’. வேலூர் பஸ் ஸ்டாண்டில்.

இப்போது நான் தெரிந்துகொள்ள ஆசைப்படுவது உன் பள்ளிக்கூடம். கேள்வி நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். மணி அடித்தால் எல்லோரும் உடனே எழுந்துவிடுவீர்களா? பாதிக் கணக்கில் இருந்தால் என்ன செய்வீர்கள்? நாற்பது பேர் ஒரே நேரத்தில் ஒரே பாடத்துக்கு எப்படி ஆசைப்படுகிறீர்கள்? ஒன்றுக்குப் போக ஏன் இன்னொருவரிடம் கேட்க வேண்டும்?

டிசம்பர் 15 வரை ஏற்காட்டில்தான் இருப்போம். உறையின் பின்னால் விலாசம் எழுதியிருக்கிறேன். எங்கள் வண்டியில் ஒருவர் எழுதும் கடிதத்தை மற்றவர் பார்க்கக் கூடாது என்று ஒப்பந்தம். அதனால் என்ன வேண்டுமானாலும் எழுதலாம்.

சுவேதா

~

ஜவ்வாது மலை
2.12.2024

அன்புள்ள சுவேதாவுக்கு,

பூஜா எழுதிக்கொள்வது. இங்கு நான், தேவி, விடுதிப் பூனை எல்லோரும் நலம். அங்கு நீ, உன் அம்மா, அப்பா, வண்டி எல்லோரும் நலமா?

பார்த்தாயா, கடிதம் இப்படித்தான் தொடங்க வேண்டும். பரீட்சையில் உன்னைப்போல எழுதினால் ஒரு மார்க் போய்விடும்.

மணி அடித்தால் எழுந்துதான் ஆக வேண்டும். பாதிக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டே சாப்பிடுவேன். சில சமயம் விடை சாம்பார் ஊற்றும்போது வந்துவிடும். நாற்பது பேரும் ஆசைப்படுவதில்லை. பத்துப் பேர் ஆசைப்படுவோம், பத்துப் பேர் பயப்படுவார்கள், மீதிப் பேர் சன்னல் பக்கம் பார்ப்பார்கள். ஒன்றுக்குக் கேட்பது பற்றி நான் யோசித்ததே இல்லை. தேவியிடம் சொன்னேன். அவள் இன்று காலை கேட்காமலே எழுந்து போய்ப் பார்த்தாள். மறுபடி போக மாட்டாளாம்.

இப்போது என் கேள்வி. நீ தேர்ச்சி பெற்றாயா இல்லையா என்று உனக்கு எப்படித் தெரியும்? மார்க் யார் போடுவது? ஓர் ஊரில் சிநேகிதம் பிடித்த பிறகு வண்டி கிளம்பினால் என்ன செய்வாய்?

சாமை அடிக்க நான் நாலு நாள் லீவு போட்டபோது, காய்ச்சல் என்று அப்பா கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். காய்ச்சல் இல்லை என்பது உனக்குத் தெரியும், என்னோடு களத்தில்தான் இருந்தாய். ஆள் இல்லை என்பதால் கூப்பிட்டார், பாவம். கணக்குப் பரீட்சைக்கு முன்னால் வந்து சேர்ந்துவிட்டேன். நூற்றுக்குத் தொண்ணூற்றாறு. அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை.

ஒன்று தெரியுமா? நானும் இரண்டு வருடம் பள்ளிக்கூடம் போகாமல் ஊர் சுற்றியவள்தான். அது பெரிய கதை, பிறகு சொல்கிறேன்.

இப்படிக்கு,
அன்புத் தோழி
கோ. பூஜா, ஏழாம் வகுப்பு

~

ஏற்காடு
9.12.2024

அன்புள்ள பூஜாவுக்கு (ஒரு மார்க் கொடு),

உன் கடிதத்தை ஐந்து முறை படித்தேன். இரண்டு வருடம் எங்கே சுற்றினாய்? அதை ஏன் களத்தில் சொல்லவில்லை?

தேர்ச்சி பற்றி அப்பாவிடம் கேட்டேன். ஒன்றைத் தானாகச் செய்ய வந்துவிட்டால் தேர்ச்சி என்றார். எனக்குத் தோசை மாவு அளக்கத் தெரியும், டயர் மாற்றத் தெரியும், பின்னம் தெரியும், ஒரு வீடியோவில் எந்த இடத்தில் ஆட்கள் சலித்துப்போவார்கள் என்று தெரியும். ஆனால் தொண்ணூற்றாறு என்று ஒருவர் எழுதித் தருவது எப்படி இருக்கும் என்று தெரியாது. அந்தத் தாளை நீ என்ன செய்தாய்? மடித்து வைத்திருக்கிறாயா?

வண்டி கிளம்பினால் என்ன செய்வேன் என்ற கேள்விக்கு இன்னும் பதில் எழுதவில்லை. யோசிக்கிறேன்.

களத்தில் நான் எடுத்த வீடியோவை அம்மா போட்டுவிட்டாள். நீ சாமையைப் புடைக்கிற இடத்தில் எல்லோரும் இதயம் போட்டிருக்கிறார்கள். நாற்பதாயிரம் பேர் பார்த்துவிட்டார்கள். தலைப்பு அம்மா வைத்தது: ‘பள்ளிக்கூடம் போகாமலே எல்லாம் தெரிந்த மலைப் பெண்’.

பதினாறாம் தேதி கம்பத்துக்குக் கிளம்புகிறோம். அங்கே ஜீவானந்தம் மாமாவின் திராட்சைத் தோட்டத்தில் தை வரைக்கும் இருப்போம். விலாசம் பின்னால்.

இப்படிக்கு,
சுவேதா, எந்த வகுப்பும் இல்லை

~

ஜவ்வாது மலை
17.12.2024

சுவேதா,

இந்தக் கடிதத்துக்கு நலம் விசாரிப்பு கிடையாது.

நான் பள்ளிக்கூடம் போகாத பெண்ணா? நீ என்னிடம் கேமராவை நீட்டிக் கேட்டாய், புடைக்க யார் சொல்லித் தந்தது என்று. நான் என்ன சொன்னேன் என்று எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. யாரும் சொல்லித் தரவில்லை, பார்த்துக் கற்றுக்கொண்டேன் என்றேன். அதோடு நிறுத்தவில்லையே. வேலை முடிந்ததும் திங்கட்கிழமை ஸ்கூலுக்குப் போய்விடுவேன், கணக்குப் பரீட்சை இருக்கிறது என்றும் சொன்னேன். அது எங்கே போயிற்று? உன் அம்மா ஏன் அதை எடுத்துவிட்டார்கள்?

யாரோ எங்கள் தலைமையாசிரியை கலைவாணி டீச்சருக்கு அந்த வீடியோவைக் காட்டிவிட்டார்கள். டீச்சர் என் லீவு லெட்டரை எடுத்துப் பார்த்தார்கள். காய்ச்சல் என்று எழுதியிருக்கிறது, வீடியோவில் நான் சிரித்துக்கொண்டு முறத்தோடு நிற்கிறேன். அப்பாவைக் கூட்டி வரச் சொன்னார்கள். அவ்வளவுதான், வேறு ஒன்றும் திட்டவில்லை.

அந்த இரண்டு வருடக் கதையை இப்போது சொல்கிறேன். எனக்கு எட்டு வயதாக இருந்தபோது அப்பாவும் அம்மாவும் காப்பி பறிக்கக் குடகுக்குப் போவார்கள். என்னை விட்டுவிட்டுப் போக ஆள் இல்லை. ஒரு தோட்டம் முடிந்தால் அடுத்த தோட்டம். அப்படி இரண்டு வருடம். திரும்பி வந்து இந்த விடுதியில் சேர்க்கும்போது, இனிமேல் வேலைக்காக இவளை நிறுத்த மாட்டேன் என்று அப்பாவிடம் எழுதி வாங்கித்தான் சேர்த்தார்கள். இப்போது அந்தக் காகிதமும் பொய், காய்ச்சலும் பொய் என்றாகிவிட்டது. ஊரில் பார்க்கிறவர்கள் எல்லாம் அப்பாவிடம், உன் பெண்ணுக்குப் படிப்பே வேண்டாமாமே என்று கேட்கிறார்கள்.

ஆள் அனுப்பிக் கூப்பிட்டும் அப்பா வரவில்லை. சொல்லி அனுப்பியதை அப்படியே எழுதுகிறேன். “நாலு நாளு கேட்டதுக்கு பொய்க் கையெழுத்துப் போட்டவன்னு பேரு வாங்கிட்டேன். இன்னாத்துக்கு நான் அங்க வரணும்? அந்தப் படியில இனிமே கால் வெக்க மாட்டேன்.”

24ஆம் தேதி அரையாண்டு லீவு விடுகிறார்கள். லீவு முடிந்து நான் திரும்ப வேண்டுமானால் அப்பா வந்து டீச்சரிடம் பேச வேண்டும். அவர் பேசாவிட்டால் என்னையும் குடகுக்குக் கூட்டிப் போய்விடுவார். உன் அம்மா டீச்சருக்கு ஒரு போன் செய்து, நாங்கள்தான் தப்பாகப் போட்டுவிட்டோம் என்று சொன்னால் போதும். நம்பர் கீழே எழுதியிருக்கிறேன். 24ஆம் தேதிக்குள்.

பூஜா

~

கம்பம்
5.1.2025

பூஜா,

உன் கடிதம் இங்கே வந்து பதினைந்து நாள் ஆகிவிட்டது. நாங்கள் நேற்றுத்தான் வந்தோம். வத்தலக்குண்டில் வண்டியின் கிளட்ச் போய், சாமான் வரும்வரை மெக்கானிக் கடை வாசலிலேயே கிடந்தோம். ஜீவானந்தம் மாமா கடிதத்தை எடுத்துத் தந்தபோது நீ சொன்ன 24ஆம் தேதி தாண்டிப் பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது.

அம்மா எடுத்துவிட்டாள் என்று நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய். அப்படியே விட்டுவிடலாமா என்று ஒரு ராத்திரி யோசித்தேன். முடியவில்லை. அந்த ஏழு நொடியை வெட்டியது நான். அம்மா அப்போது களத்திலேயே இல்லை, உன் அம்மாவோடு சாமைச் சோறு வடித்துக்கொண்டிருந்தாள். நீ விடுதியில் படிப்பதே அவளுக்குத் தெரியாது. நாலு நாளும் நீ வீட்டில் இருந்ததைப் பார்த்து அவளாக நினைத்துக்கொண்டாள், நான் திருத்தவில்லை.

ஏன் வெட்டினேன் என்றால், எந்த ஊரில் வண்டியை நிறுத்தினாலும் காலை எட்டரைக்குப் பிள்ளைகள் எல்லாம் போய்விடுவார்கள். நாலரைக்குத்தான் வருவார்கள். அதுவரை நானும் நாய்களும்தான். பகலில் எனக்குக் கிடைத்த முதல் சிநேகிதி நீ. திங்கட்கிழமை போய்விடுவேன் என்று நீ சொன்னது எனக்குப் பிடிக்கவில்லை. அது இல்லாமல் பார்த்தால் நீயும் என்னைப்போலவே இருந்தாய். அதனால் வெட்டினேன். வண்டி கிளம்பினால் என்ன செய்வாய் என்று கேட்டாயே, அதற்கும் இதுதான் பதில்.

அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அவள் திட்டவில்லை. முழு வீடியோவையும் ஒருமுறை போட்டுப் பார்த்தாள். பிறகு வெட்டியதை எடுத்துவிட்டாள். ஒரு லட்சத்துப் பத்தாயிரம் பேர் பார்த்த பிறகு. டீச்சருக்குப் போன் செய்தால், நீ லீவு முடிந்தும் வரவில்லை என்கிறார்கள்.

நீ எங்கே இருக்கிறாய்? விடுதி விலாசத்துக்கே அனுப்புகிறேன். உனக்குக் கோபம் என்றால் அதையாவது எழுது.

சுவேதா

~

குடகு, சோமவார்பேட்டை பக்கம்
18.1.2025

சுவேதா,

விடுதிக்கு வந்த உன் கடிதத்தைத் தேவி பொங்கலுக்கு ஊருக்கு எடுத்துப்போய், இங்கே கிளம்பிய எங்கள் சித்தப்பாவிடம் கொடுத்து அனுப்பியிருக்கிறாள். உறை கசங்கி, வெற்றிலை வாசத்தோடு வந்து சேர்ந்தது.

கோபம்தான். அதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். ஆனால் உன்மேல் எப்படிக் கோபப்படுவது என்றுதான் தெரியவில்லை, நீயே எல்லாவற்றையும் ஒத்துக்கொண்டுவிட்டாய்.

இப்போது நானும் உன்னைப்போலத்தான். மணி இல்லை, பரீட்சை இல்லை. காலையில் செடிக்கடியில் படுதாவை விரித்து, கிளையைப் பிடித்துப் பழத்தை உருவ வேண்டும். செவ்வெறும்பு கைக்குள் ஏறும். நீ இருந்தால் நோட்டை எடுத்து, எறும்பு ஏன் இந்தச் செடிக்கு வருகிறது, அந்தச் செடிக்கு வரவில்லை என்று கேட்பாய். நான்கூட நேற்றுப் பார்த்தேன். மாவுப்பூச்சி இருக்கிற செடிக்குத்தான் வருகிறது. பார், யாரும் சொல்லித் தராமல் கற்றுக்கொண்டேன். ஆனால் இதை யாரிடம் சொல்வது? கணக்கு டீச்சர் இருந்தால் எத்தனை செடிக்கு எத்தனை என்று எண்ணச் சொல்லியிருப்பார்கள்.

உன் அம்மாவிடம் ஒன்று சொல்ல வேண்டும். எதற்குப் பெண்ணைப் பள்ளிக்கூடம் அனுப்பவில்லை என்று ஊரில் கேட்டால், அவர்கள் சிரித்துக்கொண்டே பதில் சொல்வார்கள். களத்தில் நானே பார்த்தேன். இங்கே வேலையாட்களுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீட்டில், பக்கத்து வீட்டுக்காரர்கள் என் அம்மாவிடம் அதையே கேட்டார்கள். அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். கேள்வி ஒன்றுதான். அது ஏன் அப்படி? இதை உன் நோட்டில் எழுதிக்கொள்.

அப்பா கெட்டவர் இல்லை. என்னிடம் பேசுவதில்லை, அவ்வளவுதான். அந்த வீடியோவை யாரோ காட்டியபோது பார்த்தாராம். எனக்குப் படிப்பு வேண்டாம் என்று நானே சொன்னேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். நான் இல்லை என்கிறேன். வீடியோ ஆமாம் என்கிறது. என்னைவிட அதை நம்புகிறார்.

தொண்ணூற்றாறு எடுத்த தாளை மடித்து வைத்திருக்கிறாயா என்று கேட்டாய். விடுதிப் பெட்டியில் இருக்கிறது. பெட்டியைப் பூட்டிவிட்டுத்தான் வந்தேன், சாவி என்னிடம் இருக்கிறது.

பூஜா

~

மைசூர்
3.2.2025

பூஜா,

இரண்டு நாள் முன்னால் லைன் வீட்டு வாசலில் உன்னைப் பார்த்தும் ஒன்றும் பேச முடியவில்லை. உன் அப்பா பக்கத்திலேயே நின்றார். நான் மனப்பாடம் செய்து வந்தது எல்லாம் மறந்துபோனது. முழு வீடியோவை அவர் போனில் ஏற்றிக் கொடுத்ததோடு சரி. அம்மா மன்னிப்புக் கேட்டாள், டீச்சர் பத்தாம் தேதி வரை காத்திருப்பதாகச் சொன்னாள். உன் அப்பா காப்பி கொடுத்தார், “போய்ட்டு வாங்க” என்றார். வீடியோவைப் பார்க்கவே இல்லை. வண்டி கிளம்பிய பிறகு நான் அழுதேன். அப்பா எங்கேயும் நிறுத்தாமல் மைசூர் வரை ஓட்டினார்.

அங்கே சொல்ல முடியாததை எழுதுகிறேன். உன் கடிதம் கம்பத்துக்கு வந்த அன்றே வண்டியைத் திருப்பினோம். முதலில் உங்கள் மலைக்குத்தான் போனோம். கலைவாணி டீச்சர் எங்களை உட்கார வைத்து, முழு வீடியோவையும் பார்த்தார்கள். பிறகு அம்மாவைப் பார்த்துச் சொன்னார்கள். “உங்க பொண்ணு படிக்கலன்னா நாளைக்கு மனசு மாறி எங்கனா சேத்துடலாங்க. இவுளுக்கு கதவு ஒருதபா மூடிக்கினா, மறுபடி தொறக்க நான் எத்தினி பேரு கால்ல வுழணும் தெரியுமா?”

உன் பெயரை டீச்சர் அடிக்கவில்லை. வருகைப் பதிவேட்டைத் திறந்து காட்டினார்கள். உன் பெயருக்கு நேராக நாள் நாளாக வராதவள் குறி. அம்மா அதைத் தொட்டுப் பார்த்தாள். நீ இருக்கிற தோட்டம் எது என்று தேவிதான் விசாரித்துச் சொன்னாள்.

உன் கேள்வியை அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன், ஒப்பந்தத்தை மீறி. இரண்டு நாள் கழித்து அவள் சொன்ன பதில் இது: “நமக்குத் திரும்பிப் போக இடம் இருக்குது. அதனாலதான் சிரிக்கிறேன்.” முழுப் பதில் இல்லை, இன்னும் யோசிக்க வேண்டும் என்றாள்.

இன்னொன்று. எனக்கு எது கற்றுக்கொள்ள ஆசையோ அதைக் கற்கலாம் என்பதுதானே எங்கள் வண்டிச் சட்டம். ஜூன் மாதத்தில் இருந்து ஒரு வருடம் பள்ளிக்கூடம் கற்றுக்கொள்ள ஆசை என்று நேற்றுச் சொன்னேன். அப்பா ரொம்ப நேரம் சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. ஆனால் வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

பத்தாம் தேதிக்கு ஒரு வாரம்தான் இருக்கிறது. எனக்கு அந்த ஏழு நொடியைத் தவிர உன்னிடம் திருப்பித் தர வேறு ஒன்றும் இல்லை. இங்கே ஒரு மாதம் இருப்போம்.

சுவேதா

~

ஜவ்வாது மலை
12.2.2025

அன்புள்ள சுவேதாவுக்கு,

பூஜா எழுதிக்கொள்வது. மேலே ஊர்ப் பெயரைப் பார்த்தாயா? பார்த்துவிட்டு மேலே படி.

நீங்கள் போன பிறகு நாலு நாள் அப்பா போனைத் தொடவில்லை. ஐந்தாம் நாள் டீ குடிக்கும் நேரத்தில் தனியாகப் போய்ச் சாக்குமூட்டை மேல் உட்கார்ந்தார். நான் செடிக்குப் பின்னால் இருந்தேன். என் குரல் கேட்டது. “சாமை அடிச்சு முடிச்சுட்டா திங்கக்கெழம ஸ்கூலுக்குப் போய்டுவேன். கணக்குப் பரீச்ச இருக்குது.” நிறுத்தினார். மறுபடி போட்டார். எத்தனை முறை என்று நான் எண்ணினேன், ஒன்பது. அதற்குள் டீ ஆறிப்போய்விட்டது.

என்னைக் கூப்பிட்டார். பரீட்சை எழுதினாயா என்று கேட்டார். எழுதினேன் என்றேன். எவ்வளவு என்றார். சொன்னேன். அந்தத் தாள் எங்கே என்றார். விடுதிப் பெட்டியில் என்றேன். பெட்டிச் சாவியைக் காட்டினேன். அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். பிறகு அம்மாவிடம், நீ இங்கே இரு, நான் போய் விட்டுவிட்டு வருகிறேன் என்றார். எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது.

மைசூர் வழியாகத்தான் பஸ் வந்தது. சன்னலில் உங்கள் வண்டியைத் தேடினேன். பெங்களூர், திருப்பத்தூர், பிறகு மலை பஸ். திருப்பத்தூரில் இறங்கி மலை பஸ்ஸுக்குப் போகிற வழியில் அப்பா வாய்விட்டு ஒத்திகை பார்த்துக்கொண்டே நடந்தார், டீச்சரிடம் என்ன சொல்வது என்று. பாவமாக இருந்தது.

பத்தாம் தேதி காலையில் பள்ளிக்கூடத்துக்கு வந்தோம். மூன்று படி இருக்கிறது, உனக்குத் தெரியும். அப்பா படிக்குக் கீழே நின்றுவிட்டார். சொன்ன சொல் அப்படி. நானும் அவர் பக்கத்தில் நின்றேன். மேலே போகலாமா, நிற்கலாமா என்று எனக்குப் புரியவில்லை. பிள்ளைகள் எல்லாம் பார்க்கிறார்கள். கலைவாணி டீச்சர் வெளியே வந்தார்கள். எங்களைப் பார்த்தார்கள். ஒன்றும் கேட்காமல் மூன்று படியும் இறங்கி மண்ணுக்கு வந்து, “வாங்க கோவிந்தன், பஸ்ஸு நேரத்துக்கு வந்துச்சா?” என்றார்கள். அப்பா ஒத்திகை பார்த்ததில் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. தேவையும் இருக்கவில்லை.

ஜூன் மாதம் வருவதாக இருந்தால் ஒரு தட்டு, ஒரு டம்ளர், ஒரு பூட்டு கொண்டு வா. பாய் என் பக்கத்தில் போடலாம், தேவியைத் தள்ளிப் படுக்கச் சொல்லிவிட்டேன். மணி அடித்தால் எழுந்திருக்க வேண்டும், அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். உன் கேள்வி நோட்டைக் கட்டாயம் கொண்டு வா. இங்கே கேள்வி கேட்பது டீச்சர்கள் மட்டும்தான், அது எனக்கும் இப்போதுதான் உறைக்கிறது.

கடைசியாக ஒன்று. அப்பா கிளம்பும்போது நான் அழுதேன். அவர் என் தலையில் கை வைத்து, வகுப்பறைப் பக்கம் திருப்பி விட்டார்.

“திங்கக்கெழம போய்டுவேன்னு சொன்னியே. இன்னிக்கு திங்கக்கெழமதான். போ.”

இப்படிக்கு,
கோ. பூஜா, ஏழாம் வகுப்பு